செல்வமாரி கேட்ட கேள்வி

கோவில்பட்டி
14 ஜூலை 2025

ஜரினா டீச்சருக்கு,

நான் சீனித்தாய். செல்வமாரியின் அம்மா. என் பெயரைப் பார்த்ததும் பிரிக்காமலே வைத்துவிடுவீர்களோ என்று உறையின் மேல் அனுப்புநர் இடத்தில் நம் பள்ளிக்கூடத்து முகவரியை மட்டும் எழுதியிருக்கிறேன். உங்கள் பழைய போன் நம்பர் வேலை செய்யவில்லை. நாகலாபுரம் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டீர்கள் என்று பள்ளிக்கூடம் பெருக்கும் சுடலையம்மாள் அக்காதான் சொன்னாள்.

என் பிள்ளை பள்ளிக்கூடத்தில் பழைய கக்கூஸ் தொட்டிக்குள் விழுந்து வருகிற நவம்பரோடு இரண்டு வருஷம். அந்தத் தொட்டியை மூடிவிட்டார்கள். மற்றக் கழிப்பறைகளையும் இடித்துவிட்டு வேறு இடத்தில் புதுசாகக் கட்டியிருக்கிறார்கள். பெற்றோர் குழுவுக்கு நான்தான் இப்போது தலைவி. தீப்பெட்டி ஆபீசில் வேலை முடிந்ததும் நேராக அங்கேதான் போய் நிற்பேன். நம் கரிசல் மண் வெயிலுக்கு வெடிக்கும், மழைக்கு ஊறிப் பொதும்பும். அதனால் அடியில் சுக்கான் பாறை தட்டுப்படும் வரை தோண்டச் சொன்னேன். தொட்டிக்கு இரும்பு மூடி, அதற்குப் பூட்டு. கதவுத் தாழ்ப்பாளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் வைக்கச் சொன்னேன். கை கழுவக் குழாய், சோப்பு எல்லாம் இருக்கிறது. ஓடைத்தெருவில் எங்கள் வீடுகள் ஒன்றில்கூட இப்படிக் கிடையாது.

ஆனால் ஒரு பொம்பளைப் பிள்ளையும் உள்ளே போக மாட்டேன் என்கிறது. காலையில் வருவதில் இருந்து சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். முடியாதவர்கள் ஓடைக்குள் முள்ளுக்காட்டுக்கு ஓடுகிறார்கள். ஏன் என்று கேட்டேன். "அங்கன மாரி நிக்கா" என்கிறார்கள்.

என் மகளைச் சொல்கிறார்கள், டீச்சர்.

நின்று என்ன செய்வாள் என்று கேட்டேன். எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுபோலச் சொன்னார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "டீச்சர், போகட்டா?" என்று கேட்பாளாம். பதில் சொன்னால் கூடக் கூட்டிக்கொண்டு போய்விடுவாளாம்.

பேய் என்றால் அழும், சிரிக்கும், பெயர் சொல்லிக் கூப்பிடும். இது ஏன் அனுமதி கேட்கிறது? நீங்கள் கையெழுத்துப் போட்ட அறிக்கையின் நகல் என்னிடம் இருக்கிறது. "மாணவி அனுமதி பெறாமல், யாரிடமும் கூறாமல் வெளியே சென்றுள்ளார்" என்று அதில் எழுதியிருக்கிறது. இரண்டு வருஷமாக நானும் அதை நம்பித்தான் அவளை மனசுக்குள் வைதுகொண்டிருக்கிறேன். சொல்லாமல் ஏன் போனாய் என்று.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவள் உங்களிடம் கேட்டாளா?

சீனித்தாய்


நாகலாபுரம்
24 ஜூலை 2025

அன்புள்ள சீனித்தாய் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. புதிய கழிப்பறை பற்றி அறிந்து மகிழ்ச்சி. நான் தலைமையாசிரியையாக இருந்த பதினோரு ஆண்டுகளில் அதற்காக எத்தனையோ மனுக்கள் அனுப்பினேன். நீங்கள் சாதித்திருக்கிறீர்கள்.

பிள்ளைகளின் பயம் நாளடைவில் போய்விடும். கழிப்பறையில் வெளிச்சம் நன்றாக விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சுவரில் பூ, பறவை என்று படம் வரையச் சொல்லுங்கள். முதலில் இரண்டு இரண்டு பேராக அனுப்பலாம். சிறுநீரை அடக்குவதால் தொற்று வரும், காய்ச்சல் வரும் என்று தாய்மார்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். இவை எனக்குத் தெரிந்த வழிகள்.

நீங்கள் கேட்ட மற்ற விஷயம் குறித்து விசாரணை முடிந்துவிட்டது. அறிக்கையில் இருப்பதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜரினா


கோவில்பட்டி
8 ஆகஸ்ட் 2025

டீச்சருக்கு,

படம் வரைந்தாயிற்று. மயில், கிளி, சூரியகாந்தி. புது ஹெட்மாஸ்டர் மணிகண்டபிரபு சார் சின்ன வயசுக்காரர், ஆர்வமானவர். தானே ஏணியில் ஏறி வரைந்தார். மறுநாள் பிள்ளைகள், "அந்த மயிலுக்குப் பின்னாலதான் மாரி ஒளிஞ்சிருக்கா" என்றார்கள்.

இப்போது ஐந்தாம் வகுப்பு ஆஷிகா பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். உங்களுக்குத் தெரியும், பௌசியாவின் மகள். மூன்றாம் வகுப்பில் என் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள். ஒரு மாதமாகப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லையாம். குடித்தால்தானே போக வேண்டும். பாட்டிலைக் கொண்டுபோன மாதிரியே திருப்பிக் கொண்டுவந்திருக்கிறாள். போன வாரம் காலையில் வரிசையில் நின்றவள் அப்படியே சரிந்துவிட்டாள். சிறுநீரகம் வரைக்கும் தொற்று போய்விட்டது என்று டாக்டர் சொன்னாராம்.

நேற்றுக் கூட்டம் போட்டோம். ஒருத்தி எழுந்து, "உன் மக எங்க பிள்ளையளக் கொண்டு போகாம விட மாட்டா போலுக்கே" என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள். நான் தலைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் அவளை அதட்டவில்லை.

கடைசியில் சோலைச்சாமியைக் கூப்பிடுவது என்று முடிவு பண்ணிவிட்டார்கள். கயத்தாறு பக்கத்து ஆள். ஆவியைக் கட்டுவாராம். செப்டம்பர் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை. கழிப்பறைக்கு எதிரில் நிற்கிற வேப்பமரத்தில் ஆணி அடித்து, அதில் அவளைக் கட்டி வைத்துவிடுவாராம். அப்புறம் அவளால் அசைய முடியாதாம்.

எட்டு வயசுப் பிள்ளை. அதை ஆணி அடித்துக் கட்டப் போகிறார்கள். நான் வேண்டாம் என்றால் என்னைப் பேய்க்குத் துணை போகிறவள் என்கிறார்கள்.

வெளிச்சமும் படமும் நான் கேட்கவில்லை. கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. இல்லை என்றால் இல்லை என்று ஒரு வார்த்தை எழுதியிருப்பீர்கள். எழுதவில்லை. அதிலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

சீனித்தாய்


நாகலாபுரம்
19 ஆகஸ்ட் 2025

சீனித்தாய்,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

கேட்டாள். செல்வமாரி என்னிடம் கேட்டாள். நான் போ என்றேன்.

இந்த வரியை எழுதியதும் எழுந்து போய்க் கதவுப் பக்கம் நின்றேன். யாரோ பின்னால் நின்று வாசிப்பது போல இருந்தது. இங்கே எனக்கு அது புதிதில்லை. இந்தப் பள்ளிக்கு வந்த நாளிலிருந்து, காலையில் முதல் வேலையாகக் கழிவுத் தொட்டியின் மூடியைக் காலால் மிதித்துப் பார்க்கிறேன். நான்கு மூலையும், நடுவும். சத்தம் மாறுகிறதா என்று கேட்கிறேன். பிள்ளைகள் வேலிப் பக்கம் நின்று சிரிக்கிறார்கள். வகுப்பில் யாராவது போகட்டுமா என்று கேட்டால், பாடத்தை நிறுத்திவிட்டுக் கூடவே எழுந்து போகிறேன். வாசலில் நின்று, "உள்ள இருக்கியா? பேசு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பிள்ளை பதில் சொல்லத் தாமதித்தால் கதவைத் தட்ட ஆரம்பித்துவிடுகிறேன்.

புது நம்பரை உங்களுக்கு எழுதாததற்குக் காரணம், பேச்சில் என்னால் இதைச் சொல்ல முடியாது என்பதுதான். எழுத்திலும் இவ்வளவுதான் முடிகிறது.

அந்தக் கட்டுக் கட்டுவதை எப்படியாவது தடுத்துவிடுங்கள்.

ஜரினா


கோவில்பட்டி
30 ஆகஸ்ட் 2025

டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீசில் குச்சி அடைக்கிற இடத்தில் வைத்து வாசித்தேன். பெட்டிகள் கையிலிருந்து நழுவி விழுந்தன. மேஸ்திரி வைதார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் பிள்ளை கேட்டிருக்கிறாள் என்ற ஒன்றுதான் கேட்டது.

நேற்று ஆஷிகாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். நன்றாகத் தேறிவிட்டாள், இரண்டு நாளில் விட்டுவிடுவார்கள். பௌசியா டீ வாங்கப் போயிருந்த நேரத்தில் கேட்டேன். "அன்னைக்கு மாரி டீச்சர்ட்ட கேட்டாளாட்டி?"

தலையை ஆட்டினாள். "ஆமா பெரியம்மா. டீச்சர் எழுதிக்கிட்டு இருந்தாங்க. 'இங்க பூட்டியிருக்கு, பின்னால போ'ன்னாங்க. அவ போனா. பெறவு வரவே இல்ல."

இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரும் எங்கிட்ட கேக்கலியே" என்றாள். விசாரிக்க வந்தவர்கள் பெரியவர்களை மட்டும் கேட்டார்கள். நானும்தான் கேட்கவில்லை. அதனால் அவள் கூட விளையாடுகிற பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாள். அவர்கள் வாயில் மாறி மாறி அது பேயாகிவிட்டது. நடந்ததைச் சொன்ன ஒரே ஆள் அந்தப் பேய்தான், டீச்சர்.

சுடலையம்மாள் அக்காவையும் பிடித்துக் கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு அழுதாள். பழைய தொட்டியின் மூடிக்கல் விரிசல் விட்டிருந்ததால் பிள்ளைகள் ஏறாமல் இருக்க உடைமரத்து முள் வெட்டிப் போட்டிருந்தது என்றும், அன்றைக்குக் காலையில் அதை எடுக்கச் சொன்னார்கள் என்றும் சொன்னாள். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். அதற்குமேல் பேசமாட்டேன் என்று விளக்குமாறைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

போ என்றீர்கள். எங்கே போ என்றீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. முள்ளைப் பற்றியும் எழுதவில்லை.

நான் உங்களை வையப் போவதில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடிக்க வந்தீர்கள், நான் உதறிவிட்டேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனாலும் கை தானாக உதறிவிட்டது. இப்போது தெரிந்தும் வையத் தெம்பில்லை. பன்னிரண்டாம் தேதி வாருங்கள். பிள்ளைகள் முன்னால் நின்று என்ன நடந்தது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவார்கள். நான் சொன்னால் பெற்றவள் மகளுக்குப் பரிந்து பேசுகிறாள் என்பார்கள்.

சீனித்தாய்


நாகலாபுரம்
6 செப்டம்பர் 2025

சீனித்தாய்,

முழுவதும் எழுதுகிறேன்.

அன்று சுத்தமான பள்ளிகளைப் பார்வையிட அதிகாரிகள் பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது. பிள்ளைகள் உபயோகித்துக்கொண்டிருந்த இரண்டு கழிப்பறைகளையும் முந்தின நாளே பெயிண்ட் அடித்துக் கழுவி வைத்தோம். வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போகும் வரை அழுக்காகக் கூடாது என்று நான் பூட்டினேன். சாவி என் கைப்பையில் இருந்தது.

பின்பக்கத்துப் பழைய கழிப்பறையை யாரும் உபயோகிக்கக் கூடாது என்று அதற்கு ஒரு வருடம் முன்பே நான்தான் சொல்லியிருந்தேன். அதன் தொட்டி மூடி வெடித்திருந்தது எனக்குத் தெரியும். மண் இறங்கி மூடி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டு மனு அனுப்பினேன். பதில் வரவில்லை. முள்ளைப் போட வைத்தவள் நான். அன்று காலையில் ஜன்னல் வழியே பார்த்தபோது அந்த முள் அசிங்கமாகத் தெரிந்தது. "சுடலையம்மா, அதை எடுத்து அந்தப் பக்கம் போட்டுரு, அவிய போனதும் போட்டுக்கிடலாம்" என்றேன். அவள், "டீச்சர், பிள்ளைக ஏறிரும்" என்றாள். "ஒரு மணி நேரம்தான" என்றேன். அவள் மீது ஒரு குற்றமும் இல்லை.

மூன்று நாள் மழை பெய்து மண் ஊறியிருந்தது.

பத்தரை மணி இருக்கும். நான் அதிகாரிகளுக்குக் காட்ட வேண்டிய அட்டவணையை நிரப்பிக்கொண்டிருந்தேன். "டீச்சர், போகட்டா?" என்று கேட்டது. இங்கே பூட்டியிருக்கிறது, பின்னால் போ என்றேன். நான் தலை நிமிரவில்லை. குரலை வைத்துத்தான் செல்வமாரி என்று தெரியும். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் முள்ளை எடுக்கச் சொன்னது ஞாபகம் வந்திருக்குமோ, சாவியை எடுத்துக் கொடுத்திருப்பேனோ என்று யோசிக்காத நாள் இல்லை.

அவர்கள் வந்தார்கள். கழிப்பறையைத் திறந்து காட்டினேன். பளிச்சென்று இருக்கிறது என்று பாராட்டினார்கள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் உங்கள் பிள்ளை சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாள். அவர்கள் போன பிறகு வகுப்புக்கு வந்தபோதுதான் பெஞ்சில் ஒரு இடம் காலியாக இருந்தது.

விசாரணைக்கு வந்தவர், "பிள்ளை சொல்லாமப் போயிருக்கும், அப்படித்தானம்மா?" என்று கேட்டார். அவர் கேட்ட விதத்திலேயே பதில் இருந்தது. ஆமாம் என்றேன். அவர் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். அதற்கு ஏதாவது கௌரவமான காரணம் எழுத முடியுமா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. பயந்தேன். என் தவறை எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதே விவரத்தை மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் இன்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை வருவதற்குத் தைரியம் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். வருவேன் என்று உறுதியாக எழுதி உங்களை இன்னொரு முறை ஏமாற்றப் பயமாக இருக்கிறது.

ஜரினா


கோவில்பட்டி
15 செப்டம்பர் 2025

டீச்சருக்கு,

நீங்கள் வரவில்லை. ஒன்பதரை மணி வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோலைச்சாமி வந்துவிட்டார். வேப்பமரத்தடியில் கோலம் போட்டு, எலுமிச்சம்பழம், குங்குமம், இரும்பு ஆணி, சுத்தியல் எல்லாம் பரப்பினார். தெருவே திரண்டு நின்றது. மணிகண்டபிரபு சார், "பள்ளிக்கூடத்துக்குள்ள இது கூடாது" என்று சொல்லிப் பார்த்தார். "உங்க பிள்ளையா சார் ஆஸ்பத்திரில கிடந்துச்சு?" என்று ஒருவர் கேட்டதும் சார் ஓரமாக விலகிக்கொண்டார்.

நான் போய் மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன். "ஆணி அடிக்கிறதுன்னா எம்மேல அடிங்க" என்றேன். சத்தம் போட்டு அல்ல. எனக்கே ஆச்சரியமாக இருந்தது, குரல் அவ்வளவு அமைதியாக வந்தது. "அதுக்கு முன்னால இதக் கேளுங்க. ஜரினா டீச்சர் கைப்பட எழுதியிருக்காங்க."

வாசித்தேன். சாவி வரைக்கும் வந்ததும் பின்னால் நின்றவர்களும் நெருங்கி வந்தார்கள். முள் வந்த இடத்தில் சுடலையம்மாள் அக்கா தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாள்" என்ற இடத்தில் எனக்கு எழுத்து தெரியவில்லை. மணிகண்டபிரபு சார் வாங்கி மீதியை வாசித்தார்.

முடிந்ததும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, பெயர் தெரியாது, என் சேலையைப் பிடித்து இழுத்தது. "அப்ப மாரியக்கா கோவமா இல்லையா?"

"யார் மேல கோவம்?" என்றேன். "அவளுக்கு அவசரமா வந்துச்சு. டீச்சர்ட்ட கேட்டா. போகச் சொன்ன இடத்துக்குப் போனா. தொட்டி மூடிக்கல்லு ஒடஞ்சிருச்சு. அவ ஒண்ணும் செய்யல. உங்க யாரையும் கூப்பிடவும் மாட்டா."

எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஆஷிகா கூட்டத்திலிருந்து விலகி நேராகக் கழிப்பறைக்கு நடந்தாள். பௌசியா, "ஏட்டி, நில்லு" என்று ஓடினாள். ஆஷிகா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். நாங்கள் அத்தனை பேரும் வெளியே நின்றோம். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தாள், குழாயில் கை கழுவினாள், பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். சோலைச்சாமி ஆணியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். "இங்க எனக்கு வேலையில்லம்மா" என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நீங்கள் வந்திருந்தால் சிலர் கல்லெடுத்திருப்பார்கள் என்பதும் உண்மை. இருந்தாலும் வந்திருக்கலாம்.

சீனித்தாய்


நாகலாபுரம்
27 செப்டம்பர் 2025

சீனித்தாய்,

வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறினேன். எட்டயபுரம் வரை வந்தேன். அங்கே பஸ் நின்றபோது பள்ளிச் சீருடையில் ஒரு பிள்ளை ஏறி என் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று பார்த்தது. நான் எழுந்து இறங்கிவிட்டேன். திரும்பிப் போகும் பஸ் வரும் வரை நிழலில்லாத இடத்திலேயே நின்றேன். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நடந்தது இது.

என்னைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்திருக்கிறார்கள். விசாரணையை மறுபடி திறக்கிறார்கள். அக்டோபர் பதினேழு, தூத்துக்குடியில். பழைய அறிக்கையில் உங்கள் மகளைப் பற்றி எழுதிய வரியை நீக்க வேண்டும் என்பதுதான் நான் எழுதிக் கொடுத்த முதல் கோரிக்கை. எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்வேன் என்றும் எழுதியிருக்கிறேன்.

அந்த மனுக்கள் யார் மேசையில் கிடந்தன என்றும் கேட்கச் சொல்லியிருக்கிறேன். என் குற்றம் குறைவதற்காக அல்ல. இன்னும் எத்தனை பள்ளிக்கூடங்களில் முள்ளைப் போட்டு மூடி வைத்திருக்கிறார்களோ.

மன்னிப்புக் கேட்க எனக்குத் தகுதி இல்லை. கேட்கவில்லை.

ஜரினா


கோவில்பட்டி
11 அக்டோபர் 2025

டீச்சருக்கு,

பதினேழாம் தேதி தூத்துக்குடிக்கு நானும் வருகிறேன். ஆஷிகாவைக் கூட்டிக்கொண்டு பௌசியாவும் வருகிறாள். இந்தத் தடவை பிள்ளையிடம் கேட்கட்டும். நான் உங்கள் பக்கத்தில் உட்கார மாட்டேன். உங்களோடு பேசுவேனா என்றும் தெரியாது. ஆனால் நீங்கள் சொல்லி முடிக்கிற வரை அந்த அறையை விட்டுப் போக மாட்டேன்.

மழை ஆரம்பித்துவிட்டது. தொட்டி மூடியை நானும் சுடலையம்மாள் அக்காவும் தினமும் பார்க்கிறோம். அசையவில்லை. இப்போது எல்லாப் பிள்ளைகளும் போகிறார்கள். இடைவேளை மணி அடித்தால் வரிசை நிற்கிறது. சோப்பு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்று மணிகண்டபிரபு சார் சிரித்துக்கொண்டே குறைப்படுகிறார். மாரி நிற்கிறாள் என்று இப்போது ஒரு பிள்ளையும் சொல்வதில்லை.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

ஜூலையில் இருந்து, அவள் அங்கே நிற்கிறாள் என்று பிள்ளைகள் சொன்ன நாளில் இருந்து, பள்ளிக்கூடம் விட்டபிறகு தினமும் நான் அங்கே போனேன். கட்டடத்தைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நிற்பேன். எனக்குப் பயமே இல்லை. ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் கேட்கிறதே, பெற்றவளுக்கு ஒரு தடவை கேட்காதா என்று நின்றேன். ஆணி அடிக்க வந்தபோது மரத்தில் சாய்ந்தேனே, அவளுக்கு வலிக்கும் என்று மட்டும் இல்லை. கட்டிவிட்டால் அப்புறம் அவள் என்னிடமும் வரமாட்டாளே என்றுதான்.

நேற்றும் போனேன். தரை ஈரமாக இருந்தது, சின்னச் சின்னக் கால் தடங்கள். பினாயில் வாசம். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நின்றேன். மழை விட்டு வெயில் சாய்கிற வரை நின்றேன்.

அது வெறும் கழிப்பறைதான், டீச்சர். நல்ல கழிப்பறை. அங்கே யாரும் இல்லை.

சீனித்தாய்